பாரிஸ் பொம்மையின் இடது அக்குள்

நீங்கள் எப்போதாவது ஒரு பொம்மையின் கையைத் தூக்கி அதன் அக்குளைப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். இந்தத் தை மாதத்தில்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கல்யாணமே அந்த அக்குளில் வந்து நின்றது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் நான். முறிந்திருந்தால் அக்கா வீட்டுப் படியை நான் இந்த ஜென்மத்தில் ஏற முடியாது.

பயப்படாதீர்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அந்த நிம்மதியில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வயிற்றில் அக்கா செய்த கேசரி இருக்கிறது, மனசில் பாரம் இல்லை.

எங்கள் அக்காவை உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த பிரஷர் குக்கரை, ‘வெடிச்சிடும்டா’ என்று சொல்லிப் பரண்மேல் ஏற்றி வைத்தாளே… இதே பத்திரிகையில், இதே பக்கத்தில் புலம்பியிருந்தேனே, அதே அக்காதான். செல்லிப்பட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரர் தணிகாசலம் மாமா கரும்பு விவசாயி. ஒரே பெண் வசந்தி. தையல் டிப்ளமா முடித்துவிட்டு, தினமும் டவுன் பஸ் பிடித்து வில்லியனூருக்கு வந்து ஒரு தையல் சென்டரில் சொல்லிக் கொடுக்கிறாள்.

நான் குடியிருப்பது வில்லியனூரில். எங்கள் தெருவில் ஜெயராமன் என்று ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருடைய தங்கை மகன் மனோகரன். பாரிசில் ஏதோ ஒர்க்‌ஷாப்பில் வேலை. என்ன ஒர்க்‌ஷாப் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பாரிஸ் என்றவுடன் அந்தக் கேள்வி எல்லோருக்கும் மறந்துபோய்விடுகிறது.

ஜாதகம் பொருந்தியது. போட்டோ இரண்டு பக்கமும் பிடித்துப்போனது. பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை நேரில் வந்து பெண் பார்ப்பதாக ஏற்பாடு. வசந்திக்கு இதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்தன. அதனால் அக்கா ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு கிடந்தாள். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது.

மகளைப் பார்க்க பாரிஸ் போயிருந்த ஜெயராமன், பொங்கலுக்கு முன்னால் ஊர் திரும்பினார். என்னைக் கூப்பிட்டு ஒரு பார்சலைக் கையில் கொடுத்தார்.

“மனோகரன் பொண்ணுக்குக் குடுத்தனுப்பினான் சார். பத்திரம்.”

“உள்ள இன்னாங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? ஒட்டிக் குடுத்தான், கொண்டாந்தேன். ஆனா ஒண்ணு சொன்னான். பொண்ணு இத நல்லா உத்துப் பாக்கணுமாம். தரம் எப்படி இருக்குன்னு, அவன் வர்றப்ப அதுவே அவன்கிட்ட சொல்லணுமாம்.”

தரமா? சென்ட் பாட்டிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டுப் பொங்கல் அன்று பார்சலோடு செல்லிப்பட்டு போனேன். மாமா அப்போதுதான் மாடுகளுக்குக் கொம்பு தீட்டிவிட்டு, விரலெல்லாம் சிவப்பும் நீலமுமாக வந்து உட்கார்ந்தார். அக்கா, சேலை என்றாள். மாமா, டேப் ரெக்கார்டர் என்றார். வசந்தி கத்தரிக்கோல் எடுத்து வந்து, டேப்பைக் கிழிக்காமல் ஓரம் பார்த்து வெட்டிப் பிரித்தாள்.

உள்ளே ஓர் அட்டைப்பெட்டி. அதன் முன்பக்கம் கண்ணாடித்தாள். கண்ணாடித்தாளுக்குப் பின்னால்… ஒரு சாண் உயரத்தில் ஓர் ஆள்! உடம்பெல்லாம் வெள்ளி நிறச் சட்டை. தலையில் உருண்டையாக ஹெல்மெட். முகத்தை மூடிக் கறுப்புக் கண்ணாடி. இடுப்பில் மஞ்சள் பெல்ட். வலது கையில் குழாய் மாதிரி ஓர் ஆயுதம். பெட்டியெல்லாம் பிரெஞ்சு எழுத்து, நட்சத்திரம், ராக்கெட்.

“இன்னாடா இது?” என்றாள் அக்கா.

“பொம்மைக்கா. விண்வெளி வீரன்.”

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் கேட்டாள்.

“ஏன்டா… மாப்பிள்ளைக்கு இதுக்கு முன்னாடி அங்க ஏதாவது கல்யாணம் ஆயி, கொழந்த கிழந்த இருக்குதா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளிநாட்டு டி.வி.யில் விண்வெளிச் சண்டைக் கதைகள் வருமாம், அதில் வரும் ஆட்களைப் பொம்மையாகச் செய்து விற்பார்களாம், பெரியவர்களே வாங்கிச் சேர்த்து வைப்பார்களாம்… எங்கோ எப்போதோ படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன்.

“ஸ்டாம்ப் சேக்கற மாதிரிக்கா.”

“ஸ்டாம்ப சின்னப் புள்ளங்க சேக்கும். இவரு இருபத்தொம்பது வயசு.”



‘தரம் எப்படி இருக்கிறது என்று பெண் சொல்ல வேண்டும்’ என்ற செய்தியையும் நான் சொன்னவுடன் வீடு ஒரேயடியாக அரண்டுவிட்டது. மாப்பிள்ளை பரீட்சை வைக்கிறார்! எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள். நடக்கச் சொல்வார்கள். தலைமுடியைத் தொட்டுப் பார்த்து, சவுரியா சொந்தமா என்று சோதிப்பார்கள். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். பொம்மையைக் கொடுத்து மதிப்புப் போடச் சொன்னவர்களை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை.

சரி, பரீட்சை என்று வந்துவிட்டால் குடும்பமே சேர்ந்து படிக்க வேண்டியதுதானே? ஆளாளுக்கு ஆராய்ச்சியில் இறங்கினோம்.

முதலில் மாமா. அவருக்குத் தெரிந்த ஒரே மதிப்பீடு மாட்டுச்சந்தை மதிப்பீடு. பொம்மையைக் கையில் வைத்து எடை பார்த்தார். முதுகைத் தடவி ஏதாவது சுழி இருக்கிறதா என்று தேடினார். காலை மடக்கினார், நீட்டினார். குளம்பு பார்க்கிற மாதிரி பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“கால்ல ஊனம் இல்ல. பல்லுதான் பாக்க முடியல, மூஞ்சிய மூடி வச்சிருக்கான்.”

பாதத்தின் அடியில் ஏதோ எழுத்து இருந்தது. என்னிடம் நீட்டினார். படித்தேன். ஹாங்காங்கில் செய்தது என்று போட்டிருந்தது. அதை நான் வாய்விட்டுப் படித்திருக்கக் கூடாது.

“ஹாங்காங்கா? பாரிசுன்னு சொன்னியே!” அக்காவின் குரல் ஏறியது. “அப்ப அவரு பாரிசுல இல்லயா? டூப்ளிகேட்டா?”

“அக்கா, உலகம் பூரா பொம்மை அங்கதான் செய்றான். பாரிசுல இருக்கறவனும் அதத்தான் வாங்கணும்.”

“நீ சும்மா இரு. குக்கருக்கும் இப்படித்தான் கதை சொன்ன.”

பிறகு என் முறை. பத்திரிகையில் எழுதுகிறவன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்… எனக்குத் தெரியாதது இருக்குமா? பொம்மையை அப்படியும் இப்படியும் திருப்பி, ‘ஃபினிஷிங் பிரமாதம்’ என்றேன். எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுச் சாமான் எதைப் பார்த்தாலும் நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்?

“அவ்ளோதான்” என்றார் மாமா. “வசந்தி, ‘ரொம்ப நல்லா இருக்குதுங்க, ஃபினிஷிங் பிரமாதம்’னு சொல்லிடு. வேற எதுவும் பேசாத.”

வசந்தி அதற்குள் பொம்மையை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போயிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பழக்கம். புதுச்சட்டை எதைக் கொடுத்தாலும் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். அவள் சிநேகிதிகள் இதனாலேயே புதுத்துணி கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வரமாட்டார்கள்.

பொம்மையைத் தரையில் நிறுத்தி, அது தானாக நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. ஒரு காலைத் தூக்கிவிட்டு நிறுத்தினாள். விழுந்தது. கழுத்தைத் திருப்பினாள். விரல் நுனியால் பெல்ட்டின் ஓரத்தைத் தடவினாள். கறுப்புக் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே முகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். கடைசியில், இரண்டு கையையும் தூக்கினாள்.

“மாமா, இங்க வாங்க.”

போனேன்.

“ரவிக்கைய எவ்ளோ பகட்டா வேணா தச்சிடலாம். அக்குள்ல பாத்தாதான் தச்சது யாருன்னு தெரியும். இத பாருங்க… எடது அக்குளு.”

அப்போதுதான் நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டது. பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு. கை தோளோடு சேரும் இடத்தைச் சுற்றி ஓடியது.

“ஒட்டு” என்றாள் வசந்தி. “இந்தக் கை ஒடஞ்சி, யாரோ ஒட்டி இருக்காங்க. ஆனா பாருங்க, பெல்ட்டு ஓரத்துல பெயின்ட்டு வழிஞ்சிருக்குது. அது கம்பெனிக்காரன் வேல. ஒட்டின எடத்துல பெயின்ட்டு ஒரு சொட்டு வழியல. கையால, சின்ன பிரஷ்ல போட்டிருக்காங்க.”

“இதெல்லாம் மாப்பிள்ளைகிட்ட சொல்லப் போறியா?”

“தரம் கேட்டாரு இல்ல? அப்ப சொல்லத்தான வேணும்?”

“ஒடஞ்ச பொம்மையக் குடுத்துட்டியேன்னு குத்திக் காட்ற மாதிரி இருக்கும்மா” என்று மாமா கெஞ்சினார். அவள் அசையவில்லை. முன்பு வந்த இரண்டு இடங்களில் ஒன்று தட்டிப்போனதே இவள் வாயால்தான். மாப்பிள்ளையின் சட்டைக் காலர் கோணல் என்று அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். காலர் கோணல்தான், அது வேறு விஷயம்.

இந்தக் கலாட்டாவில் நாங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ‘ஒட்டு’ என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அக்கா வாயே திறக்கவில்லை. பேசுகிற அக்காவைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. பேசாத அக்காவைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும்.

தை ஐந்தாம் நாள் எங்கள் பக்கம் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் ஏறிக்கொண்டு சங்கராபரணிக்கு வந்து தீர்த்தவாரி ஆடும். மணலெல்லாம் ஜனம். பலூன், வளையல், கரும்பு ஜூஸ். சிறுவள்ளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்பமாட்டார்கள்.

நானும் போயிருந்தேன். அக்கா ஈர மணலில் உட்கார்ந்து கிழங்குக்காரியிடம் மும்முரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது வீட்டிலிருந்து வசந்தி வேகவேகமாக வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“மாமா… பெட்டி காலியா இருக்குது.”

“எந்தப் பெட்டி?”

“பொம்மைப் பெட்டி!”

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“நான்தான் காலையில ஆத்துல வுட்டுட்டேன்.”

அன்று வியாழக்கிழமை. அடுத்த நாள் மாப்பிள்ளை வருகிறார்!

“அடியே! அது மாப்பிள்ளை சாமான்டி!” என்று பக்கத்தில் நின்ற மாமா அலறினார்.

“இருக்கட்டுமே. கை ஒடஞ்ச உருவம் அது. பின்னமாயிட்ட உருவத்த கல்யாணப் பொண்ணு இருக்கற வூட்ல வச்சிக்குவாங்களா? சாமியெல்லாம் குளிக்கிற நாளா பாத்து வுட்டா தோஷம் இல்லன்னுதான் இன்னிக்கு வரிக்கும் பொறுத்தேன். கெழக்கால பாத்து, பூ வச்சி, கற்பூரம் ஏத்தி, முறையாத்தான் வுட்டேன். திரும்பிக்கூட பாக்காம வந்துட்டேன்.”

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று உடைந்துவிட்டாள்.

“ரெண்டு எடம் தட்டிப்போச்சேடா… இதுவும் போயிட்டா எம் பொண்ணு கதி இன்னாடா? அந்த ஒடஞ்ச கை வூட்டுக்குள்ள இருந்தா நெஞ்சு அடிச்சிக்குதுடா எனக்கு.”

இதற்குமேல் அவளை என்ன திட்டுவது? வழக்கம் என்னவோ அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். சிலையோ சாமி படமோ உடைந்துபோனால் ஆற்றிலோ குளத்திலோ விடுவது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மண் சிலை கரைந்துவிடும். கல் சிலை மூழ்கிவிடும். பிளாஸ்டிக்? திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அது மிதந்துகொண்டே போனதை அக்காவே பார்த்திருப்பாள்.

எங்கே போய்த் தேடுவது? மழைக்காலம் முடிந்து ஆற்றில் நல்ல ஓட்டம். மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் கரையோரக் கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு நடந்தேன். வசந்தி என் பின்னாலேயே வந்தாள். மனோகரனிடம் என்ன பொய் சொல்லலாம் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் மணல்வெளியில் ஓர் ஒலிபெருக்கி கரகரத்தது.

“பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு! நமது அம்மன் தீர்த்தவாரி கண்டருளிய நேரத்தில், வெள்ளிச் சட்டையும் தலையில் கண்ணாடிக் கவசமும் தரித்து, கையில் ஆயுதத்துடன் ஒரு வீரன் ஆற்றில் மிதந்து வந்து காட்சி தந்துள்ளார்! அனைவரும் வந்து தரிசித்துச் செல்லுமாறு…”

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு ஓடினோம். அக்காவும் கிழங்குக் கூடையோடு பின்னாலேயே ஓடிவந்தாள்.

அக்கரை ஊர்க்காரர்களின் டிராக்டர் அது. ஜோடித்த அம்மன். அம்மனின் காலடியில், ஒரு பித்தளைத் தாம்பாளத்தில், நம் விண்வெளி வீரன்! கழுத்தில் சாமந்தி மாலை. ஹெல்மெட் கண்ணாடியில் பெரிதாகக் குங்குமப் பொட்டு. முன்னால் தேங்காய், பழம். ஜனம் வரிசையில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. பயம்தான் ஜெயித்தது. மெல்லப் பூசாரியிடம் போனேன்.

“ஐயா… இது எங்களுது. தவறி வந்துடுச்சி. இது வந்து… பாரிசுல செஞ்ச பொம்மைங்க.”

ஹாங்காங் என்று சொல்ல வாய் வரவில்லை. பூசாரிக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பொம்மையா? பொம்மைய எவனாவது பூ வச்சி ஆத்துல வுடுவானா? மார்ல இன்னும் பூவு ஒட்டிக்கினு இருந்துச்சிய்யா. அம்மா முழுக்குப் போட்ட நேரம் பாத்து, நிமிந்த வாக்குல நேரா பூசாரி கைக்கு வருது. பொம்மைன்றியே?”

நியாயமான கேள்வி. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், “எங்கள தேடி வந்த சாமிய உங்களுதுன்றீங்களா?” என்றது. கூட்டம் எங்களை நெருங்கி நின்றது. மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார், போய்விடலாம் என்று.

அப்போது அக்கா முன்னால் வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

“நான்தாங்க வுட்டேன். பூ வச்சதும் நான்தான். பின்னமாயிடுச்சின்னு வுட்டேன்.”

பூசாரியின் முகம் மாறியது.

“பின்னமா? எங்க? நல்லாத்தான இருக்குது?”

“எடது கைய தூக்குங்க” என்றாள் வசந்தி. “அக்குளுக்குள்ள பாருங்க. தோளச் சுத்தி மயிரு மாதிரி ஒரு கோடு போவும்.”

பூசாரி மாலையை விலக்கினார். கையை மெதுவாகத் தூக்கினார். கற்பூரத் தட்டைக் கிட்டே கொண்டுவந்து குனிந்து பார்த்தார். பெரியவரும் குனிந்தார். அவர்களோடு இன்னும் நாலைந்து தலைகள் குனிந்தன.

“ஆமாய்யா” என்றார் பூசாரி. “ஒட்டுதான்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை வாதம் செய்யவில்லை. மாலையைக் கழற்றினார்கள். பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாம்பாளத்தோடு தூக்கி, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தார். பின்னமான உருவத்துக்குப் பூசை கிடையாது. எந்த நம்பிக்கை அந்தப் பொம்மையை ஆற்றில் விட்டதோ, அதே நம்பிக்கைதான் அதை எங்களிடம் திருப்பிக் கொடுத்தது. அக்காவை அன்று நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

“ஆத்துல வுட்டத திரும்ப வூட்டுக்கு எடுத்துக்குனு போவக் கூடாதும்மா” என்றார் பூசாரி, எச்சரிக்கிற மாதிரி.

“நாளைக்கு வரிக்கும்தாங்க” என்றாள் வசந்தி. “நாளைக்கு இதுக்குச் சொந்தக்காரரு வந்துடுவாரு. அவரு பொறுப்பு.”

பெரியவர் எங்கள் கையில் நிறையப் பிரசாதம் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் சாயந்திரம் மனோகரன் வந்தார். கூடவே அம்மாவும் ஜெயராமனும். ஒல்லியான ஆள், பெரிய மூக்குக்கண்ணாடி. பாரிஸ்காரர் என்று நாங்கள் நினைத்திருந்த மாதிரி கோட்டெல்லாம் இல்லை. ‘வூட்டுக்கு முன்னாடி ஆட்டுக்குட்டி நல்லா இருக்குதுங்க’ என்று ஆரம்பித்தார். மாமாவுக்கு அப்போதே பாதி மனசு குளிர்ந்துவிட்டது.

கேசரி வந்தது. காபி வந்தது. வசந்தி வந்து உட்கார்ந்தாள். மேஜைமேல் பொம்மை. எவ்வளவு துடைத்தும் ஹெல்மெட் ஓரத்தில் குங்குமச் சிவப்பு போகவே இல்லை. அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தோம்.

மனோகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா? எப்படி இருக்குது?”

மாமா கண்ணாலேயே கெஞ்சினார். ‘ஃபினிஷிங் பிரமாதம்’ என்று நான் உதட்டை அசைத்துக் காட்டினேன். அவள் எங்கள் பக்கமே திரும்பவில்லை.

“மொத்தத்துல சுமார்தாங்க” என்றாள் வசந்தி.

அக்கா கையிலிருந்த டம்ளர் தட்டில் இடித்தது.

“ஒத்தக் கால்ல நிக்கல. பெல்ட்டு பெயின்ட்டு ஓரத்துல வழிஞ்சிருக்குது. எடது கை ஒடஞ்சி ஒட்டினது. ஆனா, ஒட்டின எடம்தான் அதுல ஒசத்தி. அத செஞ்ச கம்பெனிக்காரனவிட, ஒட்டின ஆளுக்குத்தான் வேல தெரிஞ்சிருக்குது.”

மனோகரனின் முகம் காது வரை சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அது நான் ஒட்டினதுங்க.”

பிறகுதான் விஷயம் வந்தது. அந்த ஒர்க்‌ஷாப், கடிகாரம் ரிப்பேர் செய்கிற இடமாம். அந்தப் பொம்மை அவருடைய முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது. ரூம் மாறும்போது கீழே விழுந்து கை போய்விட்டதாம். பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். ரூமில் இந்த மாதிரி இன்னும் அலமாரி நிறைய இருக்கிறதாம்.

“எல்லாரும் பாரிசுல இன்னா சம்பளம்னு கேக்கறாங்க” என்றார். “இப்படி ஒரு பைத்தியம் எனக்கு இருக்குன்னு கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா வருத்தப்படுவாங்க இல்ல? அதான் மொதல்லயே அனுப்பிட்டேன். இதுவரிக்கும் பாத்த எல்லாரும் சூப்பர் சூப்பர்னுதான் சொன்னாங்க. கையத் தூக்கி யாருமே பாக்கல.”

அப்பாடா!

அந்த ‘அப்பாடா’வை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஜெயராமன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமே இல்லை. பல நாளாக மார்மேல் உட்கார்ந்திருந்த ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தன்னிடம் எங்கே ஒட்டு இருக்கிறது என்று காட்டிவிட்டுப் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளையை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். நாமெல்லாம் ஒட்டை மறைப்பதற்குத்தானே கோட்டு வாங்குகிறோம்?

அந்த நேரம் பார்த்து மனோகரன் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

“இது இன்னா செவப்பா? நான் அனுப்பறப்ப இல்லயே?”

மாமா கூரையைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன். அக்கா அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள். வசந்திதான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்… ஆறு, டிராக்டர், ஒலிபெருக்கி, பூசாரி, எல்லாவற்றையும். மனோகரன் சிரித்த சிரிப்பில் காபி சட்டையெல்லாம் சிந்தியது. அவருடைய அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு தேதி குறிப்பது ஒரு வேலையாகவே இல்லை.

கிளம்பும்போது மனோகரன் பொம்மையை எடுத்துக்கொள்ளவில்லை. ‘இங்கயே இருக்கட்டும், கல்யாணத்துக்கு அப்புறம் சேந்து எடுத்துக்குனு போறோம்’ என்று சொல்லிவிட்டார். அக்கா அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, டி.வி. பெட்டியின்மேல் பூ வேலை செய்த துணி விரித்து நடுவாக நிறுத்தினாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஏன்க்கா, பின்னமானது வூட்ல இருக்கக் கூடாதுன்னியே?”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம்.

“மாப்பிள்ளை கையால ஒட்டினது எப்புட்றா பின்னமாவும்?”

மனோகரன் பாரிசுக்குத் திரும்புவதற்குள் பரண்மேல் இருக்கும் என் பிரஷர் குக்கரையும் ஒருமுறை தொட்டுக் கொடுக்கச் சொல்ல வேண்டும்!